செடிக்காகச் சதுப்பைத் தோண்டலாமா?

வீட்டுக்குள் செடி வளர்ப்பது ஒரு காலத்தில் பங்களாவாசிகளின் பொழுதுபோக்காக இருந்தது. இன்று அப்படி இல்லை. நிலம் துண்டு துண்டாகி, வீடுகள் வானத்தை நோக்கி வளர்ந்துவிட்டன. வாசலில் ஒரு முருங்கை, கொல்லையில் இரண்டு வாழை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஜன்னல் ஓரத்தில் ஒரு தொட்டி, கூடத்தில் ஒரு தொட்டி. நகரத்துக் குடும்பத்துக்கு இவ்வளவுதான் தோட்டம்!

மேடவாக்கத்திலிருந்து பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் செல்லும் சாலையில் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இரண்டு பக்கமும் அடுக்கு மாடிகள். அவற்றில் குடியிருப்பவர்களுக்குப் பச்சை இலையின் மேல் உள்ள ஆசையை நம்பித் தென்சென்னைப் புறநகர் எங்கும் சாலையோர நர்சரிகள் பிழைக்கின்றன. மணி பிளாண்ட், மருள், அரேகா பாம், சிங்கோனியம் என்று விதம் விதமான செடிகள். வாங்குகிறவர் இலையின் பளபளப்பைப் பார்க்கிறார், விலை கேட்கிறார், பேரம் பேசுகிறார், வாங்கிக்கொண்டு போகிறார்.

ஒன்றை மட்டும் அவர் கேட்பதில்லை. “செடி நிற்கிறதே, அந்த மண் எங்கிருந்து வந்தது?”

இது என்ன வேண்டாத கேள்வி என்று சிலர் நினைக்கலாம். மண் எங்கிருந்து வந்தால் என்ன, செடி பிழைத்தால் போதாதா? போதாது. உலகத்தின் பல பாகங்களில் இந்தத் தொட்டி மண்ணுக்காகவே சதுப்பு நிலங்கள் வெட்டி எடுக்கப்பட்டு வந்திருக்கின்றன. சதுப்பு நிலம் அழிந்தால் என்ன ஆகும் என்பதைப் பெரும்பாக்கத்துக்காரர்களுக்கு யாரும் வகுப்பு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று படித்த பாடம் அது!

பீட் என்பது என்ன?

குளிர் நாடுகளில் தண்ணீர் வடியாத தாழ்வான நிலங்களில் ஸ்பாக்னம் என்ற ஒரு வகைப் பாசி வளர்கிறது. அது மடிந்த பிறகு முழுவதும் மக்குவதில்லை. தண்ணீருக்குள் காற்றுப் புகாததால் பாதி மக்கியும் மக்காமலும் அடுக்கடுக்காகப் படிகிறது. இப்படிப் படிந்த பழுப்பு நிறப் பொருளுக்குத்தான் பீட் என்று பெயர். வெட்டி உலர்த்தினால் அடுப்பெரிக்கலாம். அயர்லாந்தில் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் குளிர் காய்ந்தார்கள்.

பீட் வளரும் வேகம் மிக மிக மெது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது பொதுவான கணக்கு. அதாவது, தஞ்சைப் பெரிய கோயிலை ராஜராஜ சோழன் 1010-ஆம் ஆண்டில் கட்டி முடித்தபோது படியத் தொடங்கிய பீட், இன்றைக்கு ஒரு மீட்டர் ஆழம் இருக்கும். ஆயிரம் ஆண்டுச் சேமிப்பு! அதை எந்திரம் வைத்துச் சுரண்டி எடுக்கச் சில பருவங்கள் போதும்.

இன்னொரு விஷயம். உலக நிலப்பரப்பில் நூற்றுக்கு மூன்று பங்குதான் பீட் நிலம். ஆனால் உலகத்துக் காடுகள் எல்லாம் சேர்ந்து தங்கள் மரங்களில் வைத்திருப்பதைவிட அதிகமான கரி அந்த மூன்று பங்குக்குள் அடங்கிக் கிடக்கிறது. வடிகால் வெட்டி, தண்ணீரை வெளியேற்றி, பீட்டை மேலே எடுத்ததும் காற்று உள்ளே புகுகிறது. அத்தனை காலம் மக்காமல் இருந்தது மக்கத் தொடங்குகிறது. அடைபட்டிருந்த கரி, கரியமில வாயுவாக வெளியேறுகிறது. பூமியின் சூட்டைக் கூட்டும் வேலையில் அதுவும் சேர்ந்துகொள்கிறது.

வடிக்கப்பட்ட பீட் நிலம் தீப்பிடித்தால் இன்னும் ஆபத்து. 1997-லும் 2015-லும் இந்தோனேசியாவில் காடும் பீட் நிலமும் எரிந்தபோது, புகை கடல் தாண்டிச் சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடியது. அங்கே வாழும் தமிழர்கள் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். அந்த நிலங்களை வடித்தவர்கள் தொட்டிச் செடிக்காக வடிக்கவில்லை. எண்ணெய்ப் பனைக்கும் காகித மரத்துக்கும் வடித்தார்கள். காரணம் எதுவானாலும், தண்ணீர் வடிந்த பீட்டின் குணம் ஒன்றுதான்.

தோட்டக்காரர்கள் ஏன் மயங்கினார்கள்?

பீட்டிடம் நல்ல குணங்கள் இல்லாமல் இல்லை. எடை குறைவு. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேருக்குக் காற்றும் விடும். களை விதை இருக்காது. ஒரு மூட்டை எப்படியோ, அப்படியே நூறாவது மூட்டையும் இருக்கும். ஆயிரக்கணக்கில் செடி வளர்த்து விற்கிறவனுக்கு இந்த ஒரே சீர் என்பது பெரிய வரம்.

ஆனால் இது பாட்டன் முப்பாட்டன் காலத்து வழக்கம் அல்ல. ஐரோப்பியத் தோட்டக்காரர்களும் முன்பு இலை மக்கு, எரு, நல்ல தோட்டத்து மண் இவற்றைக் கலந்துதான் தொட்டி நிரப்பினார்கள். 1930-களில் இங்கிலாந்தின் ஜான் இன்னிஸ் ஆராய்ச்சி நிலையம் மண், பீட், மணல் மூன்றையும் சேர்த்து ஒரு கலவையை வகுத்தது. 1957-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் மணலும் பீட்டும் கலந்த முறையை வெளியிட்டார்கள். 1960-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் மண்ணே இல்லாத பீட் கலவைகளைப் பரப்பியது. பிறகு கேட்க வேண்டுமா? உலகெங்கும் செடி வியாபாரம் பீட் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

நூறு ஆண்டுகூட ஆகாத ஒரு பழக்கத்தை விட முடியாது என்று சொல்வது சோம்பேறித்தனம். அயர்லாந்தில் அரசுக்குச் சொந்தமான போர்ட் நா மோனா நிறுவனம் 2021-ல் தன் நிலங்களில் பீட் வெட்டுவதை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. பிரிட்டன் மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. வீட்டுத் தோட்டங்களுக்குப் பீட் விற்பதை 2020-க்குள் தாமாகவே நிறுத்திக்கொள்ளும்படி வியாபாரிகளை அந்நாட்டு அரசு 2011-ல் கேட்டுக்கொண்டது. நிறுத்தவில்லை. 2024-க்குள் தடை செய்வோம் என்று 2022-ல் அறிவித்தது. 2024-ம் முடிந்தது, தடைச் சட்டம் வரவில்லை! தாமாகத் திருந்துவார்கள் என்று வியாபாரத்தை நம்பி விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இது ஒரு பாடம்.

நம் ஊரில் இல்லாததா?

“பீட் எல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ச் சமாசாரம். நமக்கு என்ன?” என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழ்நாட்டிலேயே பீட் இருக்கிறது. நீலகிரி மலையின் பள்ளத்தாக்குகளில், சோலைகளுக்கும் புல்வெளிகளுக்கும் நடுவே, தண்ணீர் தேங்கும் இடங்களில் அது படிந்திருக்கிறது. விஞ்ஞானி ஆர். சுகுமாரும் அவருடைய சகாக்களும் அந்தப் பீட்டைத் தோண்டி ஆராய்ந்து, 20,000 ஆண்டுகளில் தென்னாட்டின் மழையும் வெயிலும் எப்படி மாறின என்பதை 1993-ல் உலகப் புகழ் பெற்ற ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். ஓலைச்சுவடி எழுதத் தெரியாத காலத்துச் சரித்திரத்தை அந்தச் சேறு எழுதி வைத்திருக்கிறது. அதை மூட்டை கட்டி விற்கலாம் என்று எவரேனும் சொன்னால் நாம் சும்மா இருப்போமா?

பெரும்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு பீட் நிலம் அல்ல. அது சமவெளிச் சதுப்பு. ஆனால் செய்கிற வேலை ஒன்றுதான். மழைத் தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு, ஒக்கியம் மடுவு வழியாக மெல்ல மெல்லக் கடலுக்கு அனுப்பும். பூநாரைக்கும் கூழைக்கடாவுக்கும் சோறு போடும். நிலத்தடி நீரை நிரப்பும். ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்து கிடந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் பெரும் பகுதி சாலையும் கட்டடமும் குப்பை மேடுமாக மாறிவிட்டது. மிஞ்சியதில் சுமார் 1,248 ஹெக்டேர், 2022-ல் உலகச் சிறப்பு வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது.

சேற்று நிலம்தானே, சும்மாதானே கிடக்கிறது என்று நினைத்ததன் பலனை 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் இந்த வட்டாரத்து ஜனங்கள் அனுபவித்தார்கள். பீட் நிலத்துக்கும் உலகம் கொடுத்த பட்டம் அதே ‘சும்மா கிடக்கும் சேறு’தான். தன் ஊர்ச் சதுப்புக்காகக் கவலைப்படுகிறவர், கூடத்துத் தொட்டிக்காக வேறோர் ஊர்ச் சதுப்பு வெட்டப்படுவதை ஆதரிக்க முடியுமா?

பெயரில் ஒரு குழப்பம்

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கடைகளில் ‘கோகோ பீட்’ என்று விற்கிறார்களே, அது பீட் அல்ல! தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரித்தெடுக்கும்போது உதிரும் தூள். பீட்டைப் போல இருப்பதால் வியாபாரத்துக்காக அந்தப் பெயரைச் சூட்டினார்கள். ‘பீட் மாஸ்’ என்று எழுதியிருந்தால் அதுதான் அசல் பீட். கப்பல் ஏறி வந்தது. இரண்டும் ஒரே அலமாரியில், ஏறக்குறைய ஒரே பெயரில் இருப்பதால், வாங்குகிறவர் ஏமாந்துபோவதில் ஆச்சரியமில்லை. ‘தொட்டிக் கலவை’ என்று மட்டும் அச்சிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்பதையே சொல்லாத மூட்டைகளும் உண்டு.

தெருவோரச் செடி வியாபாரியைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. அவர் பெரும்பாலும் செம்மண்ணும் மாட்டெருவும் மணலும் கலந்தே பிழைப்பவர். வீட்டுக்குள் வைக்கும் அலங்காரச் செடிகள் பலவும் வெளியூர்களிலிருந்து தொட்டியோடு வந்து இறங்குகின்றன. ஆந்திர நாட்டில் ராஜமகேந்திரவரத்துக்கு அருகிலுள்ள கடியம் வட்டாரம் செடி உற்பத்திக்குப் பேர் போனது. புனாவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் லாரி வருகிறது. அந்தத் தொட்டிக்குள் எந்தக் கலவை என்பது கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். உறையில் எழுதும் கடமை, கலவை தயாரிக்கும் பெரிய நிறுவனங்களுடையது. பிஸ்கட் பொட்டலத்தில் சேர்மானம் எழுத வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தொட்டி மண் மூட்டையிலும் பீட் உண்டா, இல்லையா என்று எழுதச் சொன்னால் என்ன கெட்டுவிடும்?

தென்னை தந்த விடை

பீட்டுக்கு மாற்றுத் தேடி உலகம் கடைசியில் வந்து நின்றது தென்னை மரத்தடியில்தான். ஒரு கிலோ நார் எடுத்தால் ஏறக்குறைய இரண்டு கிலோ தூள் உதிர்கிறது. ஒரு காலத்தில் இது பெரும் தொல்லை. தொழிற்சாலை வாசலில் மலை மலையாகக் குவிந்து கிடக்கும், மழையில் ஊறும், வெயிலில் தூசி பறக்கும். லிக்னின் என்ற கடினமான பொருள் அதிகம் இருப்பதால் லேசில் மக்காது. வேறு வழியில்லாமல் கொளுத்தினார்கள்.

அந்தக் குப்பைதான் தன் எடையைப் போல எட்டு மடங்கு தண்ணீரைப் பிடிக்கும் என்று பிறகு தெரிந்தது. 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கயிறு வாரியமும், ஆலப்புழை அருகே கலவூரில் உள்ள அதன் ஆராய்ச்சி நிலையமும், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இதை மக்க வைக்கும் வழிகளைக் கண்டன. ஒரு டன் தூளுக்கு ஐந்து கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காத்தால், அது மெல்லக் கறுத்து எருவாகிறது. தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரி 112 பங்கு இருந்தது, 24 பங்காகக் குறைகிறது என்பது பல்கலைக்கழகத்தின் கணக்கு.

இன்று இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகும் தென்னை நார்ப் பொருள்களில் எடையால் முதலிடம் பிடிப்பது கயிறும் அல்ல, பாயும் அல்ல. கொளுத்திய அதே தூள்தான்! பொள்ளாச்சியில் அழுத்திக் கட்டியாக்கிய ஐந்து கிலோ கட்டி, அயல்நாட்டுத் தோட்டத்தில் தண்ணீர் பட்டதும் எழுபது லிட்டருக்கு மேல் பொங்கி விரிகிறது. குப்பை கோபுரத்துக்குப் போன கதை இது.

கிணறு பழுத்தால் யார் பொறுப்பு?

ஆனால் கதை இதோடு முடிந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. தென்னை நார்த்தூளில் உப்பு இருக்கிறது. சோடியமும் பொட்டாசியமும் அதிகம். அப்படியே செடிக்குப் போட்டால் இலை நுனி கருகும். ஆகவே நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அயல்நாட்டார் உப்பு மிகக் குறைந்த சரக்கே கேட்கிறார்கள். பலமுறை அலசிக் கழித்த தண்ணீர் எங்கே போகிறது? தேயிலைக் கஷாயம் போன்ற நிறத்தில் மண்ணுக்குள் இறங்குகிறது. பொள்ளாச்சி வட்டாரத்தில் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறிவிட்டது, தூசி பயிரின் மேல் படிகிறது என்று விவசாயிகள் முறையிட்டார்கள். மாசு இல்லாத தொழில் என்று வெள்ளைப் பிரிவில் இருந்த இத்தொழிலை, 2021-ல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆரஞ்சுப் பிரிவுக்கு மாற்றியது.

தொழில் நடத்துவோர் கொதித்தார்கள். சிறு தொழில், ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கூலி கொடுக்கிறோம், இத்தனை நிபந்தனையை எப்படித் தாங்குவது என்று கேட்டார்கள். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் விவசாயியின் கிணறு பொய் சொல்லாதே!

அயல்நாட்டுச் சதுப்பைக் காப்பாற்ற நம் நாட்டுக் கிணற்றைக் கெடுத்தால், அதற்குப் பெயர் நன்மையா? ஒருவன் வீட்டுக் குப்பையை வாரி இன்னொருவன் வாசலில் கொட்டுவது போல ஆகிவிடும். பீட் இல்லை என்று உறையில் அச்சிட்டுவிட்டால் மட்டும் பாவம் தீராது. மாற்றுப் பொருளும் யாருடைய தண்ணீரையும் கெடுக்காமல் தயாராக வேண்டும். இந்த விஷயத்தில் பிடிவாதமாக இருக்க வேண்டியது இந்த ஒன்றில்தான்.

வழி இல்லாமல் இல்லை. மண் தரையில் காய வைக்காமல் சிமென்டுக் களத்தில் காய வைக்கலாம். அலசிய தண்ணீரைத் தொட்டியில் தேக்கித் தெளிய வைத்து மறுபடி பயன்படுத்தலாம். மழைக்காலத்துத் தண்ணீரைச் சேர்த்து அலசலாம். இதற்கெல்லாம் செலவாகும். அந்தச் செலவைக் கூலிக்காரப் பெண்ணின் தலையிலோ, பக்கத்துத் தோட்டத்து விவசாயியின் தலையிலோ கட்டுவது அநியாயம். செடி வாங்குகிறவர் கட்டிக்குப் பத்து ரூபாய் அதிகம் கொடுக்கட்டும். அயல்நாட்டு வியாபாரியும் கொடுக்கட்டும்.

செம்மண்ணையும் குற்றமற்றது என்று சொல்லிவிட முடியாது. அது ஏதோ ஒரு குன்றின் சதை. ஏதோ ஒரு காட்டின் மேல் தோல். லாரி லாரியாக அள்ளினால் அங்கே பள்ளம்தான் மிஞ்சும். முழுத் தொட்டியும் செம்மண்ணால் நிரப்புவது, எடையைக் கூட்டுவதைத் தவிர மாடி வீட்டுக்கு உதவாது.

பெரும்பாக்கம் என்ன செய்யலாம்?

பெரும்பாக்கத்தில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று, காவல்காரர் சலாம் போடும் வாசலுக்குள் உயர்ந்து நிற்கும் தனியார் மாடிகள். மற்றொன்று, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் கட்டிய அடுக்குகள். அதில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். கூவம், அடையாற்றுக் கரைகளிலும் நகரத்தின் நடுவிலும் குடியிருந்தவர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய இடம். வீடு கிடைத்தது, பிழைப்பு பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. வீட்டு வேலைக்குப் போன பெண்கள் பஸ்ஸிலேயே பாதி நாளைக் கழிக்க வேண்டியதாயிற்று.

ஓர் ஊருக்குத் தொட்டி மண் வேண்டும். மற்றோர் ஊருக்கு வேலை வேண்டும். நடுவே இருப்பது ஒரு சாலை மட்டுமே.

தெருத் தெருவாக இளநீர் வண்டிகள். மாலையானால் மட்டை மலை. அது போகும் இடம் குப்பை மேடு. மாடி வீடுகளில் காய்கறிக் கழிவு. தோட்டங்களில் உதிர்ந்த சருகு. செங்கல்பட்டு மாவட்டம் நெல் விளையும் பூமி, செங்குன்றம் பக்கம் அரிசி ஆலைகள், உமிக்குப் பஞ்சமில்லை. மட்டையை அரைக்க ஓர் எந்திரம், மக்க வைக்க ஒரு கொட்டகை, உமியைக் கருக்க ஒரு சூளை, உப்பு அளக்க ஒரு சிறு கருவி இருந்தால் நல்ல தொட்டிக் கலவை இந்த ஊரிலேயே தயாராகும். லிதுவேனியாவிலிருந்து கப்பலும் வேண்டாம். பொள்ளாச்சியிலிருந்து லாரியும் வேண்டாம்.

தமிழ்நாட்டில் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983 முதல் இருக்கிறது. சுய உதவிக் குழுக்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. குழு என்றால் ஊறுகாயும் ஊதுவத்தியும்தான் செய்ய வேண்டும் என்று எந்தச் சாஸ்திரம் சொல்கிறது? எந்திரத்துக்குக் கடன் கொடுக்கலாம். வேளாண்மைப் பல்கலைக்கழகம் பயிற்சி கொடுக்கலாம். ஆனால் பயிற்சி கொடுத்து, புகைப்படம் எடுத்து, மாலை போட்டுவிட்டுப் போனால் பயனில்லை. சரக்கு விற்க வேண்டும். தனியார் மாடிகளின் குடியிருப்போர் சங்கங்கள், “எங்கள் தோட்டத்துக்கு இந்த ஆண்டு இத்தனை மூட்டை எடுத்துக்கொள்வோம்” என்று முன்பணம் கொடுக்கட்டும். அரசாங்கப் பூங்காக்களும் அப்படியே வாங்கட்டும். நிச்சயமான கிராக்கி இருந்தால்தான் தொழில் நிற்கும்.

தரத்தில் கருணை காட்டக்கூடாது. ஏழைப் பெண்கள் செய்தது என்பதற்காக உப்புக் கரிக்கும் கலவையை ஒருமுறை வாங்குவார்கள், மறுமுறை வாங்கமாட்டார்கள். அளந்து, சோதித்து, உறையில் எழுதி விற்க வேண்டும். கொட்டகை போடுகிறேன் என்று சதுப்பின் ஓரத்தில் மண் கொட்டி நிரப்பினால் அதைவிடக் கேலிக்கூத்து வேறில்லை. வாரியக் குடியிருப்புக்குள்ளேயே அதற்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டும்.

வாங்குகிறவருக்குச் சில வார்த்தை

நர்சரிக்குப் போகிறவர் மூன்று கேள்வி கேட்டால் போதும். இதில் பீட் இருக்கிறதா? நார்த்தூள் என்றால், அலசியதா, மக்க வைத்ததா? தொட்டியைத் திருப்பிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வீர்களா? பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் பதில் தேடுவார். நூறு பேர் கேட்டால் மொத்த வியாபாரியைக் கேட்பார். வியாபாரத்தைத் திருத்தும் பிரம்பு வாங்குகிறவர் கையில்தான் இருக்கிறது.

வீட்டிலேயே கலக்க விரும்புகிறவர்கள் நார்த்தூள் இரண்டு பங்கு, மக்கிய எரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, கருக்கிய உமி அல்லது பருமணல் ஒரு பங்கு கலந்தால் பெரும்பாலான வீட்டுச் செடிகளுக்குப் பொருந்தும். ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கு சேர்ப்பது நல்லது. நார்த்தூளின் மேல் பகுதி சீக்கிரம் காயும். உள்ளே ஈரம் இருக்கும். மேலே பார்த்துத் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும். விரலை உள்ளே விட்டுப் பார்த்து ஊற்ற வேண்டும். தூளில் சத்து மிகக் குறைவு என்பதால் மாதம் ஒருமுறை கொஞ்சம் எரு வைப்பது அவசியம். செடி செத்தால் மண்ணை வீசிவிட வேண்டியதில்லை. வெயிலில் உலர்த்தி, புது எரு சேர்த்து மறுபடி பயன்படுத்தலாம்.

செடியையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். நம் கீழைக் கடற்கரைப் பக்கம் தானாக வளரும் மருளில் நார் எடுத்து வில் நாண் திரித்தார்கள் முன்னோர். வெயிலும் தாங்கும், நிழலும் தாங்கும், மறதிக்கார எஜமானரையும் தாங்கும்! பீட் கேட்காது, பன்னீரும் கேட்காது.

பாக்கம் என்ற சொல்லுக்கு நெய்தல் நிலத்து ஊர் என்று பொருள். தண்ணீரின் ஓரத்தில் வாழ்கிறவர்கள் என்பதைப் பெயரிலேயே சுமந்துகொண்டிருக்கும் ஊர் இது. சதுப்பை இழந்தால் என்ன வரும் என்று அறிந்த இந்த ஊர், சதுப்பைத் தொடாத செடி வியாபாரத்துக்கு வழி காட்டினால், சென்னை முழுவதும் பின்பற்றும். மாடிக் குடியிருப்புச் சங்கங்களும் வாரியக் குடியிருப்புப் பெண்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேச வேண்டியதுதான் பாக்கி. அடுத்த மழைக்கு முன் அந்தப் பேச்சு நடக்கட்டும்.